பதிவு முதலா, பதிப்பு முதலா?

9 ஆகஸ்ட் 2025 – பெரும்பாறையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

டீச்சர், என் தந்தை இங்குள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் 36 ஆண்டுகள் கணக்கு எழுதியவர். 2019 மார்ச்சில் காலமானார். மழை, பறவைகள், தோட்டத்து மனிதர்கள் பற்றி அவர் எழுதிய 17 நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை நூலாக்க ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் அக்டோபருக்குள் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். காப்புரிமைப் பதிவு செய்யாமல் அச்சிட்டால் உரிமை போய்விடும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். பதிவுக்குப் பல மாதங்கள் ஆகுமாம். தாயார் முன்பே தவறிவிட்டார். நானும் மதுரையில் இருக்கும் தங்கையும்தான். நூலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதா?

10 ஆகஸ்ட் 2025

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் அச்சமே அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கேட்பது காப்புரிமை அன்று, பதிப்புரிமை. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. அதற்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. எழுத்துக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் உரியது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அது 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. படித்தவர்களும் இவ்விரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். ஒருவர் தம் கண்டுபிடிப்பை ஊரறியச் சொல்லிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், இது புதியதன்று என்று மறுக்கப்படக்கூடும். ஆகவே அங்கே விண்ணப்பம் முந்த வேண்டும், வெளியீடு பிந்த வேண்டும். அந்த விதியைத்தான் உங்கள் நண்பர்கள் நூலுக்கும் பொருத்திவிட்டார்கள்.

எழுத்துக்கு அப்படி இல்லை. உங்கள் தந்தை நோட்டில் ஒரு பக்கத்தை எழுதி முடித்த அந்த இரவே அந்தப் பக்கத்தின் பதிப்புரிமை பிறந்துவிட்டது. அதற்கு முத்திரையும் வேண்டியதில்லை, எண்ணும் வேண்டியதில்லை. பதிவு என்பது சான்று மட்டுமே: சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரங்களை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக ஏற்கும், மறுப்பவர்தான் மாற்றுச் சான்று காட்ட வேண்டும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். உரிமை எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவுக்காக நூலை நிறுத்திவைக்க வேண்டாம்.

10 ஆகஸ்ட் 2025, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அச்சான நூலைத்தான் பதிவு செய்ய முடியும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. வெளியிடப்படாத படைப்பையும் பதிவு செய்யலாம். பின்னர் நூல் வெளிவந்ததும், பதிவேட்டில் உள்ள விவரத்தை மாற்றித் தரும்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். எனவே இது பதிவா, பதிப்பா என்ற கேள்வி அன்று. இரண்டும் ஒரே காலத்தில் தத்தம் வழியில் நடக்கலாம்.

13 ஆகஸ்ட் 2025

உரிமைக் காலம் பற்றி நான் 10ஆம் தேதி எழுதியது உங்கள் தந்தையின் நோட்டுகளுக்குப் பொருந்தாது. அவசரத்தில் பொது விதியைச் சொல்லிவிட்டேன். எழுதியவர் இறந்தபின் முதன்முதலாக வெளிவரும் படைப்புக்கு 24ஆம் பிரிவு இருக்கிறது. அங்கே 60 ஆண்டுகள் இறந்த ஆண்டிலிருந்து எண்ணப்படுவதில்லை. நூல் முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே நீங்கள் தாமதித்தாலும் காலம் குறையப்போவதில்லை. அவசரப்படுத்துவது சட்டமன்று, புத்தகக் காட்சிதான்.

17 ஆகஸ்ட் 2025

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: பதிவு கட்டாயமில்லை என்றால் எதற்காக அந்த 500 ரூபாயும் அலைச்சலும்? எனக்கு நேர்ந்ததைச் சொல்வதைத் தவிர இதற்கு வேறு நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

பண்ணைக்காட்டில் ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில், விடுமுறைதோறும் மேல்மலை, கீழ்மலை ஊர்களுக்குப் போய், வேளாண்மையில் புழங்கும் சொற்களைச் சேகரித்தேன். 2014இல் அது 340 பக்கத் தட்டச்சுப் பிரதியாக நின்றது. சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டுவரலாம் என்று சொன்ன ஒருவருக்கு அதன் ஒளிநகலை முழுமையாகக் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. 2016இல் அவர் பெயரில் ஒரு நூல் வந்தது. அதில் நான் எழுதிய சொற்குறிப்புகள் 61 இருந்தன; விளக்கங்கள் வரிக்கு வரி என்னுடையவை.

சொற்கள் எவருக்கும் சொந்தமல்ல என்று அவர் தரப்பில் பதில் வந்தது. அது உண்மையும்கூட. உழவர் வாயில் இருக்கும் சொல்லுக்கு நான் உரிமை கொண்டாட முடியாது. கருத்துக்கும் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொல்லிய விதத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஒரு நாடக வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அந்த விளக்க வரிகள் நான் எழுதியவை. அதை எப்படிக் காட்டுவது?

காட்டித் தந்தது என் பிழைதான். பூண்டைக் கற்றையாகக் கட்டி, அடுப்புக்கு மேல் புகைபடும்படி தொங்கவிடுவது பற்றிய ஒரு சொற்குறிப்பு. அதைச் சொன்னவர் பூம்பாறைப் பெரியவர் ஒருவர். நான் அதை எழுதியது அவரிடம் விடைபெற்றுப் பேருந்தில் ஏறிய பிறகு. விரல் விறைத்துப்போய் எழுத்து கோணலாக இருந்தது. பேருந்து மன்னவனூருக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஊர்ப்பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை தானாக மன்னவனூர் என்று எழுதிவிட்டது. தட்டச்சிலும் அப்படியே போயிற்று. அவருடைய நூலிலும் மன்னவனூர் என்றே இருந்தது. தாம் நேரில் சென்று கேட்டதாக முன்னுரையில் எழுதியிருந்தவரால், மன்னவனூரில் யார் அதைச் சொன்னார்கள் என்று சொல்ல இயலவில்லை. என் நோட்டில் பூம்பாறைப் பெரியவரின் வீட்டு வரைபடமும் தேதியும் அதே பக்கத்தில் இருந்தன. அவருடைய பதிப்பாளர் நியாயமாக நடந்துகொண்டு, மீதமிருந்த படிகளைத் திரும்பப் பெற்றார். நீதிமன்றம் வரை போக நேரவில்லை.

இதில் எனக்கு ஏற்பட்ட இழப்பைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. என் நூல் 2017இல் வந்தபோது, முந்தைய நூலைப் படித்திருந்தவர்கள் நான்தான் அதிலிருந்து எடுத்தேன் என்று நினைத்தார்கள். ஒரு மதிப்புரையில் அப்படியே எழுதவும் செய்தார்கள். உரிமை எழுதிய நாளிலேயே பிறந்துவிடுகிறது என்பது சட்டம். முதலில் அச்சில் வந்ததே மூலம் என்பது வாசகர் மனம். பிரதியைப் பிறர் கையில் கொடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால், ஒரு தேதியைக் காட்டி ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். இரண்டு ஆண்டுகள் மனம் நொந்து கிடந்திருக்க மாட்டேன்.

18 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது, பதிப்புரிமைப் பதிவின் தேவையை 10ஆம் தேதி மிக இலேசாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. நூலைப் பதிவுக்காக நிறுத்த வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் பிரதி உங்கள் வீட்டை விட்டு வெளியே போகும் நாளுக்கு முன்பு விண்ணப்பத்தையாவது அனுப்பிவிடுங்கள். பதிப்பாளருக்கு, முன்னுரை எழுதுபவருக்கு, மெய்ப்புப் பார்ப்பவருக்கு என்று ஒரு பிரதி ஐந்தாகும்போதுதான் தேதியின் அருமை தெரியும். விண்ணப்பித்தவுடன் ஒரு டைரி எண் கிடைக்கும். அது பதிவுச் சான்று ஆகாது. ஆனால் அந்த நாளில் அந்தப் பிரதி உங்களிடம் இருந்தது என்பதற்கு அது போதும்.

24 ஆகஸ்ட் 2025

பெரும்பாறை வாசகர் நோட்டுகளின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். 17இல் 3 நோட்டுகள் தோட்டத்தின் மழைக்கணக்கு என்று தெரிகிறது. இங்கே நின்று பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக, சம்பளத்துக்கு எழுதியவற்றில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தோட்டத்துக்காகப் பேணிய பேரேடு தோட்டத்துக்கு உரியது. மாலையில் வீட்டுக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில், அன்றைய மழையைப் பற்றி அவர் எழுதிய பத்தி அவருக்கே உரியது. இன்ன நாளில் இவ்வளவு மழை பெய்தது என்ற எண் எவருக்கும் உரியதன்று. அதை நூலில் தாராளமாகச் சொல்லலாம். பேரேட்டின் பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட நினைத்தால் மட்டும் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

2 செப்டம்பர் 2025

பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். என் தலைமுறையில் பலர் அப்படிச் செய்தார்கள். நானும் ஒரு சிறுகதைத் தொகுப்புக்குச் செய்தேன். அந்த உறை இன்றும் அலமாரியில் இருக்கிறது. சட்டம் அதற்கென்று தனி மதிப்பு எதுவும் தரவில்லை; உறைக்குள் பின்னர் எதையும் வைத்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது கடினம். மேலும், நேற்றிலிருந்து, அதாவது செப்டம்பர் 1 முதல், பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு வாசகரின் மைத்துனர், நூல் வெளியான 3 மாதங்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் இழப்பீடு கிடைக்காது என்றாராம். அவர் சொல்வது அவருடைய நாட்டுச் சட்டத்தைப் பற்றி. சட்டமே வகுத்துள்ள இழப்பீட்டுத் தொகையையும் வழக்கறிஞர் செலவையும் அங்குள்ள நீதிமன்றத்தில் கேட்க வேண்டுமானால், மீறல் தொடங்கும் முன்போ, நூல் வெளியான 3 மாதங்களுக்குள்ளோ பதிவு செய்திருக்க வேண்டும். நம் சட்டத்தில் அத்தகைய கெடு இல்லை. இங்கே பதிவு செய்யாமல் வழக்குத் தொடுக்க முடியுமா என்பதில் மும்பை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு காலத்தில் இருவேறு கருத்துகள் இருந்தன. 2021இல் அதே நீதிமன்றம், பதிவு கட்டாயமில்லை என்று விரிவாக விளக்கித் தீர்ப்பளித்தது.

14 செப்டம்பர் 2025

இந்த இழையில் இதுவரை நான் எழுதியவற்றில் ஒரு பெரிய பகுதியை மாற்ற வேண்டியிருக்கிறது.

பெரும்பாறை வாசகர் நேற்றுத் தொலைபேசியில் பேசினார். அண்ணன் தங்கை இருவருக்கும் சம உரிமை என்ற எண்ணத்தில்தான் அவரும் இருந்தார், நானும் இருந்தேன். பேச்சுவாக்கில், தந்தை ஒரு உயில் எழுதியிருந்ததாகவும், அது நிலத்தைப் பற்றியது மட்டுமே என்றும் சொன்னார். முழுவதையும் படித்துக் காட்டுங்கள் என்றேன். நிலமும் வீடும் மகனுக்கு என்ற பகுதி முடிந்தபின், கடைசியில் இப்படி ஒரு வரி: பச்சை டிரங்குப் பெட்டியும் அதிலுள்ள நோட்டுகளும் மகளுக்கு.

நினைவுப் பொருளாகக் கொடுத்தார் என்று இத்தனை நாள் குடும்பத்தில் நினைத்திருக்கிறார்கள். ஆனால் 20ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வெளியிடப்படாத ஒரு படைப்பின் கையெழுத்துப் பிரதி உயிலின் மூலம் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால், உயிலில் அதற்கு மாறான எண்ணம் காணப்படாதவரை, அந்தப் படைப்பின் பதிப்புரிமையும் சேர்ந்தே போகிறது. பெட்டியோடு உரிமையும் தங்கைக்குப் போய்விட்டது. விண்ணப்பம் தங்கையின் பெயரில் போக வேண்டும்; பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட வேண்டியவரும் அவரே. உயிலின் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர், "சின்ன வயசுல அப்பா எழுதறப்போ அவதான் பக்கத்துல உக்காந்து மசி ஊத்திக் கொடுப்பா, டீச்சர்" என்றார். அன்றிரவே தங்கையை அழைத்துச் சொல்லிவிட்டதாக இன்று எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகள் அந்தப் பெட்டியைப் பூச்சி அரிக்காமல் காத்தவர் அவர்; இதை எளிதாக எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறைக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

15 செப்டம்பர் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு விலக்கு உண்டு. தந்தை வாழ்ந்த காலத்திலேயே 4 கட்டுரைகள் ஒரு சிற்றிதழில் வந்திருக்கின்றன. 2 கட்டுரைகளை அவரே வானொலியில் வாசித்திருக்கிறார். 20ஆம் பிரிவு வெளியிடப்படாதவற்றுக்கு மட்டுமே. வெளியீடு என்பதற்குப் படிகளை விநியோகிப்பது மட்டுமின்றிப் பொதுமக்களைச் சென்றடையச் செய்வது என்றும் 3ஆம் பிரிவில் பொருள் இருப்பதால், வானொலியில் வந்தவையும் வெளியானவையே என்று கொள்வது பாதுகாப்பு. இந்த 6 கட்டுரைகளின் உரிமை, உயிலில் வேறு பொதுவான வரி எதுவும் இல்லையென்றால், வாரிசுகள் இருவருக்கும் உரியது. அவற்றின் காலமும் வேறு: இறந்த ஆண்டு 2019 ஆகையால் 2079 டிசம்பர் 31இல் முடியும். ஒரே அட்டைக்குள் இரு வகை உரிமையும் இரு வகைக் காலமும் இருக்கப்போகின்றன.

5 அக்டோபர் 2025

பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்த வரைவை அண்ணனும் தங்கையும் அனுப்பியிருந்தார்கள். ஒரே பக்கம். படைப்பின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கு என்று இருந்தது. எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, மின்னூல் உண்டா, மொழிபெயர்ப்பு யாருக்கு என்று எதுவும் இல்லை. தீய எண்ணத்தால் அப்படி எழுதுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய வரைவையே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

சட்டம் இத்தகைய இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்கிறது; அது பலருக்குத் தெரிவதில்லை. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். இவையெல்லாம் 19ஆம் பிரிவில் உள்ளன.

கடைசியாகச் சொன்னதை நான் காலம் தாழ்த்தித்தான் அறிந்தேன். என் இரண்டாம் நூலை ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன். அடுத்த காட்சிக்கு, அடுத்த காட்சிக்கு என்று ஜனவரிகள் போயின. வேறொருவர் கேட்டபோதும், கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று மறுத்தேன். நான் கட்டுப்பட்டிருந்தது முதல் ஓராண்டுக்கு மட்டுமே என்பதைத் திண்டுக்கல்லில் ஒரு வழக்கறிஞர், தேநீர் ஆறுவதற்குள், அந்தத் தாளைப் படித்துச் சொன்னார். இரண்டு ஆண்டுகளை அறியாமையால் இழந்தேன். எனவே உங்கள் வரைவில், எத்தனை மாதத்துக்குள் நூல் வெளிவர வேண்டும் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். உரிமையை மாற்றித் தராமல், 5 ஆண்டுகளுக்குத் தமிழில் அச்சிட்டு விற்க அனுமதி மட்டும் தருவதாக எழுதுங்கள். உரிமைப் பக்கத்தில் "உரிமை: பதிப்பகத்துக்கு" என்று அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெய்ப்பில் எல்லோரும் எழுத்துப்பிழை தேடுவார்கள், அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

26 அக்டோபர் 2025

விண்ணப்பம் போய்விட்டது. தங்கை மதுரையிலிருந்து வந்து, நாங்கள் மூவரும் என் வீட்டில் அமர்ந்து செய்தோம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதால் மின்சாரம் நான்கு முறை போயிற்று. மூன்றாம் முறை பிரதியைப் பதிவேற்றும்போதே போய்விட, முதலிலிருந்து தொடங்கினோம். படிவம் 14, அதோடு விவர அறிக்கை, மேல்விவர அறிக்கை. எழுதியவர் பெயரும் அவர் இறந்த தேதியும் ஒரு கட்டத்தில், உரிமையாளர் பெயர் வேறொரு கட்டத்தில். விண்ணப்பதாரர் எழுதியவர் அல்லர் என்பதால், உரிமை எப்படி வந்தது என்பதற்கு உயிலின் நகலும் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்தோம்.

வெளியிடப்பட்டதா, இல்லையா என்ற கட்டத்தில் நெடுநேரம் தயங்கினோம். முன்பே வெளிவந்த 6 கட்டுரைகளும் உள்ளே இருக்கும்போது, முழுவதையும் வெளியிடப்படாதது என்று எழுதினால் அது உண்மையாகாது. முதல்நோக்குச் சான்றாக நிற்க வேண்டிய ஏட்டில் உண்மையல்லாத ஒரு வரி இருந்தால், நாளை அதுவே எதிராளியின் கைப்பிடியாகிவிடும். ஆகவே அந்த 6 கட்டுரைகளையும் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, மீதியை மட்டும் வெளியிடப்படாத இலக்கியப் படைப்பாக அனுப்பினோம்.

இந்த உரிமையில் அக்கறை உள்ள எவருக்கும் விண்ணப்பதாரர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. தங்கை அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடமே நீட்டினார். அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். இனி 30 நாள்கள் ஆட்சேபத்துக்காகக் காத்திருப்பார்கள், அதன்பின்தான் ஆய்வு. என் நூலுக்கு டைரி எண்ணிலிருந்து சான்று வர 7 மாதங்கள் ஆயின.

27 அக்டோபர் 2025

டைரி எண் கிடைத்த மறுநாளே பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நிறுத்த ஒன்றுமில்லை.

9 நவம்பர் 2025

டிசம்பரில் அச்சிட்டு வைப்பதா, ஜனவரியில் வெளியிடுவதா என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். 24ஆம் பிரிவின்படி கணக்கிட்டுப் பார்த்தேன். 2025 டிசம்பரில் வெளியானால் 2026 ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள், அதாவது 2085 இறுதி வரை. 2026 ஜனவரியில் வெளியானால் 2086 இறுதி வரை. சில நாள் பொறுத்தால் ஓராண்டு கூடுகிறது. அச்சடித்துக் கட்டிவைப்பது வெளியீடு ஆகாது. வாசகர் கைக்குப் படி போவதுதான் வெளியீடு. டிசம்பரில் அச்சானாலும், முன்பதிவு செய்தவர்களுக்கு ஜனவரி பிறப்பதற்கு முன் ஒரு படிகூட அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஜனவரி 2026 என்றே இருக்கட்டும்.

30 நவம்பர் 2025

ஆட்சேபக் காலம் முடிந்தது; எவரும் எதிர்க்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன், ஆர்வத்தில், ஒரு அத்தியாயத்தை முகநூலில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார். காப்பிப் பழம் எடுக்கும் நாள்களில் கூடைகளை அளப்பது பற்றிய அத்தியாயம். எனக்கும் மிகப் பிடித்தது. உடனே எடுத்துவிடச் சொன்னேன். உறவினர் நால்வருக்கு அனுப்புவது வேறு. எவரும் படிக்கும்படி இணையத்தில் வைப்பது பொதுமக்களைச் சென்றடையச் செய்வதுதான். நல்லவேளையாக, உரிமையாளரான தங்கையின் அனுமதி இல்லாமல் போட்டிருந்தார். உரிமையாளரின் அனுமதியின்றி வெளியிடப்பட்டது வெளியீடாகக் கொள்ளப்படாது என்பது 4ஆம் பிரிவு. இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்.

பழைய அச்சகத்தார் ஒருவர், நூலை அரசிடம் பதிவு செய்வது 1867 முதல் கட்டாயமாயிற்றே என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம். பதிப்புரிமையோடு அதற்குத் தொடர்பில்லை. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. அது இதழ்களைப் பற்றியது, நூல்கள் அதில் இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணும் உரிமைச் சான்று அன்று. நூலை அடையாளம் காண்பதற்கான எண் மட்டுமே, நம் நாட்டில் கட்டணமின்றித் தருகிறார்கள்.

18 ஜனவரி 2026

நூல் வந்துவிட்டது. எனக்கு வந்த படியை நேற்று இரவே படித்து முடித்தேன்.

பதிப்பாளருக்கு நினைவூட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். அபராதம் 50 ரூபாயும் நூலின் விலையும்தான் என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நூல் எந்த மாதம் வெளியானது என்பதற்கு அந்த நூலகம் தரும் ரசீதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி உயிலோடு சேர்த்து வையுங்கள். பதிவுச் சான்று வந்தவுடன், வெளியிடப்படாதது என்ற விவரத்தை மாற்றி, வெளியான ஆண்டையும் பதிப்பாளர் பெயரையும் சேர்க்கத் தங்கை விண்ணப்பிக்க வேண்டும். அதை என் நாட்குறிப்பிலும் எழுதிவைத்திருக்கிறேன்.

19 ஜனவரி 2026

அண்ணன் கேட்டிருந்த கடைசிக் கேள்வியை நேற்று விட்டுவிட்டேன். நூலின் முதல் 11 பக்கங்கள் அவர் எழுதிய முன்னுரை. பெட்டியில் இருந்த நோட்டுகளை வரிசைப்படுத்திய கதை. தங்கைதான் எழுதச் சொன்னாராம். அந்தப் பக்கங்களின் பதிப்புரிமை அவருடையது. அவர் எழுதிய நாளிலேயே அது பிறந்துவிட்டது, அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இரண்டாம் பதிப்பில் உரிமைப் பக்கத்தில், நூலின் உரிமை வரிக்குக் கீழே, "முன்னுரை: மகனுக்கு, முன்பு வெளியான 6 கட்டுரைகள்: மகன், மகள் இருவருக்கும்" என்று தனி வரியாகச் சேர்க்கும்படி பதிப்பாளருக்கு இருவருமாகக் கையெழுத்திட்டு எழுதுங்கள்.